முறுக்குக்கு உதவாத தாள்

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் அத்தை வீட்டிலிருந்து ஓர் இனிப்புப் பெட்டி காலியாகத் திரும்பி வந்தது. அத்தை எதையும் வீணாக்க மாட்டார். அடுத்த ஆண்டுக்கு ஆகும் என்று துடைத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். நான் பெட்டியைக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். அட்டை வெள்ளையாகவே இருந்தது, ஒரு சொட்டு நெய்க்கறை கூட இல்லை. கிழங்கு மாவில் பிளாஸ்டிக் போன்ற தாள் செய்கிறேன் என்று ஆடி மாதத்திலிருந்து அடுப்படியை நான் அலங்கோலம் செய்ததற்குக் கிடைத்த பலன் இதுதான். மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

நாங்கள் சேலத்தில் வீட்டிலேயே பலகாரம் செய்து கொடுக்கிறவர்கள். ஆண்டு முழுவதும் முறுக்கும் தட்டுவடையும், தீபாவளிக்கு மட்டும் மைசூர்பாகு. கை அம்மாவுடையது, கட்டுவதும் கணக்குப் பார்ப்பதும் என் வேலை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தபோது கைப்பைகளும் சாப்பாட்டுத் தாள்களும் எங்கள் வீட்டை விட்டுப் போயின. முறுக்கு கட்டும் பாலிதீன் உறை மட்டும் போகவில்லை. அதற்கு மாற்று கண்டுபிடிப்பதுதான் என் முதல் நோக்கம். அது நடக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மூலப்பொருளைத் தேடி அலையவில்லை. எங்கள் மாவட்டத்தில் குச்சிக்கிழங்கு, வெளியூர்க்காரர்கள் மொழியில் மரவள்ளிக்கிழங்கு, வயல்வயலாக விளைகிறது. ஜவ்வரிசிக்கும் கிழங்கு மாவுக்கும் 1981 முதல் சேகோசர்வ் என்று தனிக் கூட்டுறவுச் சங்கமே இயங்கும் ஊர் இது. தெரிந்தவர் ஒருவரின் சேகோ ஆலையில் 5 கிலோ ஸ்டார்ச் மாவு கேட்டேன், கிலோ 60 ரூபாய். "எதற்கு அண்ணா, துணிக்குக் கஞ்சி போடவா?" என்றார் மூட்டை கட்டியவர். பிளாஸ்டிக் தாள் செய்ய என்றேன். இன்னும் ஒரு கைப்பிடி கூடுதலாக அள்ளிப் போட்டார். இரக்கப்பட்டிருக்க வேண்டும்.

முதல் முயற்சியில் இணையக் காணொளிகளை நம்பினேன். மாவு, தண்ணீர், கிளிசரின், கொஞ்சம் வினிகர். எல்லாவற்றையும் கலந்து கிளறினால் பிளாஸ்டிக் வந்துவிடும் என்கிறார்கள். 100 மில்லி தண்ணீருக்கு 15 கிராம் மாவு போட்டேன். 65 டிகிரி வாக்கில் பால்போல் இருந்த கரைசல் சட்டென்று இறுகிக் கண்ணாடிக் களியாக மாறியது. கரண்டியை எடுத்தால் பாத்திரமும் சேர்ந்து எழுந்தது. எவர்சில்வர் தட்டில் தோசைபோலத் தேய்த்து மாடியில் வெயிலில் வைத்தேன். மாலையில் பார்த்தால் ஓரங்கள் சுருண்டு, நடுவே ஏரி வற்றிய தரைபோல வெடித்து, மீதி தட்டோடு ஒட்டிக் கிடந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான காற்றுக் குமிழிகள். வினிகர் வாடையும் போகவில்லை.

அம்மா வந்து ஒரு துண்டை ஒடித்துப் பார்த்தார்.

"கண்ணு, இதற்குப் பேர் வடகம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது முழு உண்மை. கூழ் காய்ச்சி, மெல்லியதாக ஊற்றி, காயவைத்து உரித்தெடுக்கும் வேலையை எங்கள் வீட்டுப் பெண்கள் சித்திரை வெயிலில் மூன்று தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். நான் அவர்களிடம் கேட்காமல் கைபேசியிடம் கேட்டிருக்கிறேன். அன்று மாலையே உட்கார்ந்து கேட்டேன். கூழ் எவ்வளவு நீர்க்க இருக்க வேண்டும், எதில் ஊற்றினால் உரியும், ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது. துணியில் ஊற்றியது வராவிட்டால் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்கலாம். பாலிதீன் தாளில் ஊற்றினால் தானே எழுந்து வரும் என்றார். பிளாஸ்டிக்குக்கு மாற்று செய்ய பிளாஸ்டிக் மேல்தான் ஊற்ற வேண்டும் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அதுதான் வேலை செய்தது. பெயர்ப்பலகை செய்யும் கடையில் வெட்டி எஞ்சிய அக்ரிலிக் துண்டுகள் கிடைத்தன, அதுவும் ஒருவகைக் கெட்டி பிளாஸ்டிக்தான். 30 சென்டிமீட்டருக்கு 30 என்று ஒரே அளவில் எட்டுத் துண்டு வெட்டச் சொல்லி, சுற்றிலும் 5 மில்லிமீட்டர் உயரத்தில் பட்டி ஒட்டி வாங்கினேன். ஒன்று 110 ரூபாய். இத்தனை மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான செலவு இது.

இரண்டாவது உருப்படியான செலவும் உண்டு என்று இப்போது தோன்றுகிறது: 0.1 கிராம் காட்டும் சிறிய நகைத் தராசு, 650 ரூபாய். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. கிளிசரினில் அரை கிராம் கூடினாலும் குறைந்தாலும் தாளின் குணமே மாறிவிடுகிறது என்பது தெரிவதற்குள் இரண்டு வாரம் வீணாயிற்று.

கிளிசரின் எவ்வளவு என்பதுதான் நடுப்பகுதி முழுவதும் என்னை அலைக்கழித்த கேள்வி. மாவின் எடையில் 15 சதவீதம் போட்டபோது தாள் பளபளப்பாக வந்தது; மடித்தவுடன் அப்பளம்போல் ஒடிந்தது. 50 சதவீதம் போட்டபோது துணிபோலக் குழைந்தது. ஆனால் மறுநாள் காலை தொட்டால் வியர்த்த கைபோல ஈரம், இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பிரிக்க முடியவில்லை. 20, 25, 30, 35, 40 என்று ஐந்து தட்டுகள் போட்டு, ஒவ்வொரு தாளையும் பத்து முறை மடித்து விரித்தேன். 25 ஏழாவது மடிப்பில் விட்டுப்போனது. 30 தாங்கியது. 35-ம் தாங்கியது, ஆனால் மழை நாளில் பிசுபிசுத்தது. அதனால் 30 என்று நிறுத்திக்கொண்டேன். இது ஆவணி மாதச் சேலத்துக்கான கணக்கு. கடலோர ஊரில் இருப்பவர்களுக்கு இன்னும் குறைவாகத்தான் சரிவரும் என்று நினைக்கிறேன். கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும் சரக்கு. வாங்கும்போது உணவுத் தரம் என்றும், உணவுச் சேர்பொருளாக அதற்குரிய எண்ணான ஐ.என்.எஸ். 422 என்றும் அச்சிட்ட புட்டியாகப் பார்த்து வாங்கினேன். தோலுக்குப் பூசுவதற்கென்று விற்பதைத் தின்பண்டத்தின் பக்கம் கொண்டுபோக எனக்கு மனமில்லை. ஒரு கிலோ 400 ரூபாய்.

வினிகரை இதற்குள் விட்டுவிட்டேன். போட்ட தாளுக்கும் போடாத தாளுக்கும் என் கையில் ஒரு வேறுபாடுதான் தெரிந்தது: போட்டது எளிதில் கிழிந்தது.

அடுத்த தொல்லை கனம். ஒரே தாளில் ஒரு மூலை தடித்தும் எதிர்மூலை வெங்காயத் தோல்போலவும் வந்துகொண்டிருந்தது. ஊற்றும் கையில் கோளாறு என்று நினைத்து ஊற்றும் முறையை நான்கு விதமாக மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி மேசைமேல் வைத்தபோதுதான் தெரிந்தது, எங்கள் வீட்டுத் தரையே வாசலைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. மேசைக்கால் இரண்டின் அடியில் அட்டை மடித்துவைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. தாளின் கனத்தை அளக்க என்னிடம் இருந்தது வெர்னியர் மட்டும். ஒரு தாளை வைத்தால் அதில் நம்பும்படியான அளவு வராது. பத்துத் துண்டுகளை அடுக்கி அளந்து பத்தால் வகுத்தேன். கடைசியாக நிலைத்தது 0.1 மில்லிமீட்டர், அதாவது சுமார் 100 மைக்ரான். கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் கைப்பை 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. நான் அந்தப் பக்கத்தில்தான் எங்கோ நிற்கிறேன்.

குமிழிகளுக்கு மருந்து பொறுமைதான். 200 மில்லி தண்ணீருக்கு 8 கிராம் மாவு என்று நீர்க்கக் கரைத்து, கிளறாமல் மெல்லத் துழாவி, காய்ச்சி முடித்ததும் பாத்திரத்தை வெந்நீரில் ஐந்து நிமிடம் உட்காரவைத்து, டீ வடிகட்டியில் வடித்து ஊற்றினால் பத்தில் ஒன்பது குமிழி போய்விடும். மீதியை ஊசியால் குத்தலாம். வெயில் வேண்டாம். மின்விசிறியின் கீழ் ஓர் இரவும் ஒரு பகலும். மேலே கொசுவலைத் துண்டு போடாவிட்டால் ஈ உட்கார்ந்த தடம் தாளில் அச்சுப்போல் பதியும்.

இந்த நிலையில் தாள் வந்தது. ஆனால் ஈரக்கை பட்டால் கிழிந்தது. வலுவுக்கு என்ன சேர்ப்பது என்று யோசித்தபோது வீட்டில் ரோஸ்மில்க் ஜெல்லிக்கு வாங்கிய அகர் அகர் இருந்தது. கடற்பாசியிலிருந்து எடுப்பது, ராமேசுவரம், மண்டபம் பக்கம் பெண்கள் மூழ்கி எடுத்துவரும் பாசிகளில் சிலவும் இதற்குத்தான் போகின்றன. 0.8 கிராமை மாவுக் கரைசலிலேயே போட்டுக் காய்ச்சினேன். அகர் கொதித்தால்தான் கரையும் என்பதை மறந்துவிட்டேன். மாவு 70 டிகிரியிலேயே களியாகிவிட்டது. அகர் இழை இழையாக அப்படியே நின்றது. சேமியாப் பாயசம் காய்ந்தால் எப்படியிருக்கும், அப்படி ஒரு தாள்.

மறுமுறை வரிசையை மாற்றினேன். அகரை 150 மில்லி தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, நன்றாகக் கொதிக்கவிட்டு, முழுதும் கரைந்த பின் தீயைக் குறைத்தேன். தனியே 50 மில்லி தண்ணீரில் கரைத்த மாவையும் கிளிசரினையும் மெல்லிய தாரையாக அதில் விட்டேன். ஐந்து நிமிடத்தில் கரைசல் தெளிந்தது. அகர் சேர்த்ததால் எதிர்பாராத ஓர் ஆதாயமும் கிடைத்தது. ஊற்றிய கரைசல் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஜெல்லியாக உறைந்துவிடுகிறது. அதன்பின் தட்டைத் தூக்கிக்கொண்டு எந்த அறைக்கும் போகலாம், தளும்பாது. ரசமட்டம் பார்த்த மேசை ஒன்றுதான் இருந்தது; எட்டுத் தட்டுகளை அங்கே ஒவ்வொன்றாக ஊற்றி, உறைந்ததும் கட்டிலுக்கு அடியில் அடுக்க முடிந்தது.

புரட்டாசியில் முறுக்குச் சோதனை நடந்தது. நான்கு பொட்டலம். முதலாவது எங்கள் வழக்கமான பாலிதீன். இரண்டாவது என் தாள் ஒற்றையாக, மூன்றாவது இரட்டையாக. நான்காவதில் தாளின்மேல் தேன்மெழுகை உருக்கித் தூரிகையால் பூசியிருந்தேன். ஒட்டுவதற்கே ஒரு நாள் போயிற்று. பாலிதீன் ஒட்டும் கைச் சீலரில் வைத்தால் என் தாள் உருகவில்லை, பழுப்பேறிக் கருகியது. ஓரத்தைத் தண்ணீர்த் தூரிகையால் நனைத்து, பத்து நொடி பொறுத்து, அழுத்தி, பிறகு குறைந்த சூட்டில் சீலரை வைத்தபோது பிடித்துக்கொண்டது.

இரண்டாம் நாள் காலை ஒற்றைத் தாள் முறுக்கு நமத்துவிட்டது. இரட்டைத் தாள் அன்று மாலை. மெழுகு பூசியது நான்காம் நாள் வரை நின்றது, ஆனால் மடித்த இடத்தில் மெழுகு வெடித்திருந்தது. அந்தக் கோட்டை ஒட்டியிருந்த முறுக்குத்தான் முதலில் போயிற்று. பாலிதீன் பொட்டலத்தைப் பதினைந்தாம் நாள் பிரித்தேன். மொறுமொறு என்றிருந்தது. பாலிதீன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் இந்த ஒரு வேலையில் அது கெட்டிக்காரன் என்பதை ஒப்புக்கொள்ளாமல் வழியில்லை. மாவு தண்ணீரை விரும்பும் பொருள். அதை வைத்து ஈரத்துக்கு வேலி போட நினைத்தது, உப்பைக் கொண்டு குளத்துக்குக் கரை கட்டியதுபோலத்தான்.

ஒரு வாரம் தட்டுகளைத் தொடவில்லை.

திருப்பம் ஒரு பழைய செய்தித்தாளில் கிடைத்தது. முறுக்குப் பொட்டலங்களை அந்தத் தாள்மேல் வைத்திருந்தேன். எல்லாம் எண்ணெயில் பொரித்த முறுக்கு, பதினைந்து நாள் அங்கேயே இருந்திருக்கிறது. ஆனால் என் தாளின் அடியில் இருந்த செய்தித்தாளில் எண்ணெய் படியவே இல்லை. உடனே ஒரு கரண்டி நெய்யை உருக்கி என் தாளின் நடுவில் ஊற்றி, அடியில் வெள்ளைக் காகிதம் வைத்து மூடினேன். இன்னொரு வெள்ளைக் காகிதத்தில் நேராக ஊற்றினேன். நேராக ஊற்றியதில் அதே நிமிடம் நெய் ஊறிக் காகிதம் கண்ணாடியானது. என் தாளின் அடியில் 48 மணி நேரம் கழித்தும் ஒன்றுமில்லை. தண்ணீரை விரும்பும் அதே குணம்தான் எண்ணெயைக் கிட்டே சேர்ப்பதில்லை. இரண்டு மாதமாக அதைக் கையில் வைத்துக்கொண்டு தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் மைசூர்பாகில் நெய் தாராளம். அட்டைப் பெட்டியில் பட்டர் பேப்பர் விரித்துத்தான் வைப்போம், அப்படியும் அடியில் கறை படும். வாங்குகிறவர்கள் மடியில் வைக்கத் தயங்குவார்கள். ஆக, தீபாவளிக்கு 40 பெட்டி, 40 தாள். எட்டுத் தட்டு, ஐந்து நாள். ஒரு நாள் சுற்று முழுவதும் வீணாயிற்று. அன்று அடைமழை, தாள் இரண்டு நாளாகியும் காயாமல் நான்காம் நாள் கரும்புள்ளி பூத்தது. அதைத் தூக்கிப் போட்டு, மறு சுற்றை அறையை அடைத்து மேசை விசிறியையும் சேர்த்துவைத்துக் காயவைத்தேன்.

ஒரு தாளின் செலவு: மாவு 8 கிராம், 48 பைசா. கிளிசரின் 2.4 கிராம், 96 பைசா. அகர் 0.8 கிராம், 3 ரூபாய் 60 பைசா. 10 கிராம் பொட்டலம் 45 ரூபாய்க்கு வாங்கியதால் வந்த வினை. மொத்தம் 5 ரூபாய் 4 பைசா, எரிவாயுவும் என் கூலியும் சேர்க்காமல். அதே அளவு பட்டர் பேப்பர் எனக்கு ஒன்றரை ரூபாய்க்கு விழுகிறது. வியாபாரமாக இது தேறாது. அம்மா இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, "மூன்றரை ரூபாய்க்கு இன்னொரு துண்டு மைசூர்பாகு வைத்தால் சொந்தக்காரர்கள் வாழ்த்துவார்கள்" என்றார்.

முப்பதுக்கும் மேற்பட்ட பெட்டிகளில் பிரச்சினை இல்லை. ஆறு பெட்டிகளில் தாள் துண்டுகளின் அடியில் ஒட்டிக்கொண்டதாகச் சொன்னார்கள். ஆறும் சூடு முழுதாக ஆறுவதற்குள் நான் அவசரப்பட்டு அடுக்கியவை. ஆவி தாளை இளக்கிவிட்டது. ஒட்டியதோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களும் உண்டு. போட்ட மூன்று பொருளும் தின்னக்கூடியவை என்பதால் நான் பதறவில்லை. ஆனால் விலைக்கு விற்கும் பெட்டியில் இதை வைக்கவில்லை. நாற்பதும் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுத்தவை. உணவைத் தொடும் பொருளுக்கு 2018-ல் வந்த உணவுப் பாதுகாப்பு உறை விதிமுறைகள் இருக்கின்றன. மக்கும் பிளாஸ்டிக் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் ஐ.எஸ். 17088 என்ற இந்தியத் தரமும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழும் வேண்டும். கட்டிலுக்கு அடியில் காயும் தாளுக்கு அவையெல்லாம் கிடைக்காது.

மக்குகிறதா என்பதையும் பார்த்தேன். வெங்காய வலைப்பையில் ஒரு துண்டையும், பழைய கைப்பையின் ஒரு துண்டையும் போட்டுச் செம்பருத்தித் தொட்டியில் நான்கு அங்குல ஆழத்தில் புதைத்தேன். ஐந்தாம் நாள் என் துண்டு பூஞ்சை படர்ந்து குழைந்திருந்தது. பதினெட்டாம் நாள் வலைக்குள் மண்தான் இருந்தது. கைப்பைத் துண்டைக் கழுவினேன். அதில் அச்சிட்ட எழுத்துகளை இன்னும் படிக்க முடிகிறது. கடைகளில் மக்கும் பை என்று வரும் பி.எல்.ஏ. வகை (தாவரச் சர்க்கரையிலிருந்து ஆலையில் செய்யும் பிளாஸ்டிக்) இப்படி வீட்டுத் தொட்டியில் எளிதில் போகாது; அதற்கு 58 டிகிரி போன்ற சூடு உள்ள பெரிய உரக்கிடங்கு வேண்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் என் தாள் ஜெயித்தது.

அடுத்த முறை செய்வதானால் அகரை 0.4 கிராமாகக் குறைத்துப் பார்ப்பேன், விலையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஆலையில் கிழங்கை அரைத்து மாவெடுத்த பின் எஞ்சும் திப்பியைச் சல்லடையில் சலித்துக் கொஞ்சம் சேர்த்தால் நாருக்கு நார் பிடித்து வலு வருமா என்றும் பார்க்க வேண்டும். தாள் மங்கலாகத்தான் வரும், பெட்டிக்குள் இருப்பதற்கு என்ன அழகு. எல்லாவற்றுக்கும் மேலாக, தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே செய்துவைக்கும் எண்ணத்தை விட்டுவிடுவேன். தாள் பழசாகக் கூடாது. ஆறிய சோறு விறைப்பதுபோல மாவுத் தாளும் மூன்று வாரத்தில் விறைத்துவிடுகிறது. பெட்டிகளுக்குப் போக மிச்சமிருந்த ஆறு தாள்களைத் தகர டப்பாவில் போட்டுவைத்திருந்தேன். கார்த்திகை தீபத்தன்று எடுத்து மடித்தபோது, 30 சதவீதக் கிளிசரின் இருந்தும், முதல் மடிப்பிலேயே படக்கென்று உடைந்தன.

அம்மா அந்தத் துண்டுகளை வாங்கிக்கொண்டு போய் எண்ணெய் காயவைத்தார். சரியாகப் பொரியவில்லை, ஓரம் சீக்கிரமே சிவந்துவிட்டது. ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உப்புப் போட மறந்துவிட்டாய், கண்ணு."